எக்ஸ்ரே சிபாரிசு செய்த ஜாக்கெட்

எக்ஸ்ரேவுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதாவது பைக் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும். வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம், வரவேற்பறை சோபாவை எந்தப் பக்கம் போடலாம் என்பதிலெல்லாம் மனிதருக்கு வாயே கிடையாது. அந்த இலாகா முழுக்க மனைவியுடையது. ஆனால் ஹெல்மெட் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பெயர் வேலையால் வந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்தில், நீண்ட நடையின் கடைசி அறையில், இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறார். பைக்கில் தூரப் பயணம் போகிறவர்கள் முந்நூறு பேர் சேர்ந்து கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பொருத்தமான பெயர்தான். ஒரு ஜாக்கெட்டைக் காட்டினால் மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், எத்தனை பாக்கெட் என்று எண்ணுவார்கள். இவர் அதைப் போட்டுக்கொண்டு விழப்போகிறவனின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பைப் பார்ப்பார். வாரத்துக்கு நாலு காறை எலும்பாவது இரண்டாக முறிந்து அவருடைய திரையில் வந்து நிற்கும். பார்த்துப் பார்த்துச் சலித்த எலும்பு.

அபிப்பிராயங்களைச் சொல்கிற விதத்திலும் தயவு தாட்சண்யம் கிடையாது. தூரம் போகிற கனமான டூரிங் வண்டி நெடுஞ்சாலையில் தேவதை, பெட்ரோல் பங்கில் தள்ளும்போது பிசாசு என்பார். அப்படிப்பட்ட வண்டியை வாங்கப்போகிறவன் முதலில் அதைக் கடையிலேயே தரையில் சாய்த்து, தன்னந்தனியாகத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். கடைக்காரன் விடமாட்டேன் என்றால் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிற வீரர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். விழும்போது கால் எங்கே போகும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா இவர்கள்? துணிப்பை போதாதா? அதில் கொள்ளாத சாமான் உனக்கு எதற்கு? வண்டி முன்கண்ணாடியின் மேல்விளிம்பு மூக்குக்கு நேராக நிற்க வேண்டும், கண்ணுக்கு நேராக நின்றால் நூறு கிலோமீட்டரில் தலைவலி நிச்சயம். கணுக்காலை மறைக்காத பூட்ஸ் வெறும் செருப்பு. கைதவறிக் கீழே விழுந்த ஹெல்மெட்டில் செடி நடலாம், தலையை நுழைக்கக் கூடாது.

இதையெல்லாம் வாய்க்கு வந்தபடி அவர் சொல்வதில்லை என்பதுதான் விசேஷம். ஒரு பொருளைப் பற்றி எழுதுமுன் அதைத் தன் கைக்காசில் வாங்கி, ஒரு மாதம் போட்டு ஓட்டுவார். மழை ஜாக்கெட் என்றால் அதைப் போட்டுக்கொண்டு குளியலறையில் ஷவருக்குக் கீழே அரை மணி நேரம் நிற்பார். மனைவி கதவைத் தட்டி, குளிப்பதாக இருந்தால் அவிழ்த்துவிட்டுக் குளியுங்கள், ஊர் சிரிக்கும் என்பாள். அடி தாங்குவதற்காக ஜாக்கெட்டின் தோளிலும் முழங்கையிலும் செருகிவைக்கிற பேட் என்றால், அதைத் தன் முட்டியின்மேல் வைத்து மரச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். வலித்தால் பேட் மோசம். வலிக்கவில்லை என்றால் நல்லது. இதைவிட நேர்மையான பரிசோதனை எந்தக் கம்பெனியிலும் இல்லை என்பது அவருடைய கட்சி. பதினோரு வருடத்தில் எழுதிய எந்த அபிப்பிராயத்தையும் அவர் திரும்பப் பெற்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

நாலு மாதத்துக்கு முன்னால் சிறிய கம்பெனி ஒன்று புதிதாக ஒரு ஜாக்கெட் கொண்டுவந்தது. காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற வலைத் துணி, தையலும் கச்சிதம், விலையும் கையைக் கடிக்காதது. எக்ஸ்ரே வழக்கம்போல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினார். இரண்டாவது வாரம் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்தப் புதிய ஜாக்கெட்டையும், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஜாக்கெட்டையும் துவைத்தால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரி என்று இரண்டிலிருந்தும் பேடுகளை உருவிக் கட்டில்மேல் போட்டுவிட்டு, துணிகளைத் துவைத்துக் காயவைத்தார். மறுநாள் காலை ஆறு மணி வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பேடுகளை எடுத்து இரண்டு ஜாக்கெட்டுக்குள்ளும் திணித்தார்.

எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே வடிவம். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய துணி உறை.

அதற்குப் பிறகு அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினார். முட்டியில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். வலிக்கவே இல்லை. இன்னும் ஓங்கி அடித்தார். அடேயப்பா என்று வாய்விட்டே சொன்னார். அன்று மாலை குழுவில் எழுதினார்: இந்த விலையில் இப்படிப்பட்ட தோள் பேடை நான் பார்த்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு என்று எக்ஸ்ரே எழுதியது அதுதான் முதல் தடவை.

அவருக்குத் தெரிந்து பத்தொன்பது பேர் வாங்கினார்கள். வாங்குமுன் கேள்வி கேட்டவர் ஒருவர்தான். லிஃப்ட்காரர். மருத்துவமனையின் நாலு லிஃப்டுகளையும் மாதாமாதம் வந்து பழுதுபார்க்கிற மனிதர். லிஃப்டின் உள்சுவரில் இருக்கும் அட்டையில் அவருடைய கையெழுத்து வரிசையாக நிற்கும். குழுவில் எல்லாவற்றையும் படிப்பார், எதுவும் எழுதமாட்டார். ஒருநாள் எக்ஸ்ரே அறையின் வாசலில் பைக் கையுறையும் கையுமாக வந்து நின்று, பேடை நிஜமாகவே நீங்களே அடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். என் முட்டியில் வைத்துத்தான் அடித்தேன் என்றார் எக்ஸ்ரே.

"அப்ப போதும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார் லிஃப்ட்காரர்.

வாங்கியவர்களில் எக்ஸ்ரேயின் அக்காவும் ஒருத்தி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாளர், வயது ஐம்பத்தொன்று. பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போனதும், வீடு பெரிதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பைக் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அத்தானுக்கு இதில் ஒரே ஓர் அபிப்பிராயம்தான்: ரயில் என்று ஒன்று இருக்கிறது. அதை அவர் வாரம் ஒருமுறை சொல்வார், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. குழுவைச் சேர்ந்த மூன்று பெண்களோடு அக்கா முதல்முதலாக இரண்டு நாள் பயணம் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. வண்டி, ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட், எல்லாம் தம்பி சொன்னது. தம்பி சொன்னால் மறுபேச்சே கிடையாது அவளுக்கு.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம், மழை வரும் போலிருந்ததால் எக்ஸ்ரே பழைய ஜாக்கெட்டை எடுத்தார். தடித்த துணி, மழைக்கு அதுதான் சரி. போட்டுக்கொண்டு, தோளில் படிந்திருந்த தூசியை ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கை எலும்பில் பட்டது.

அவர் மறுபடியும் தட்டினார். ஜாக்கெட்டைக் கழற்றி, உள்பக்க ஜிப்பைத் திறந்து பேடை வெளியே எடுத்தார். இரண்டு விரலால் அழுத்தினார். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் இதைவிட உறுதியாக இருக்கும். துணி உறையைப் புரட்டிப் பார்த்தார். உள்மடிப்பில் அந்தப் புதிய கம்பெனியின் சின்னம்.

புதிய ஜாக்கெட்டைத் திறந்து பார்க்க அவருக்குக் கை வரவில்லை. ஆனாலும் பார்த்தார். அவருடைய பழைய பேடுகள், தடியும் கனமுமாக, அங்கே உட்கார்ந்திருந்தன. மூன்று மாதமாக அவர் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தது தன்னுடைய பழைய பேடை. ஊரார் வாங்கியது ஸ்பாஞ்சை.

உடனே குழுவில் எழுதவேண்டும் என்றுதான் கைபேசியை எடுத்தார். அதில் சந்தேகமில்லை. 'ஒரு சிறு திருத்தம்' என்று ஆரம்பித்தார். சிறு திருத்தமா இது? அழித்தார். 'அன்பு நண்பர்களே' என்று ஆரம்பித்தார், அது அவருக்கே பிடிக்கவில்லை. கம்பெனிமேல் பழிபோடலாமா என்று ஓர் எண்ணம் வந்தது. கம்பெனி பேடைப் பற்றி எங்கேயும் பெருமையடித்துக்கொள்ளவில்லை, பெருமையடித்தது இவர்தான். சாப்பிடக் கூப்பிட்டாள் மனைவி. முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். சரியான வார்த்தை கிடைக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். மூன்று மாதமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, மூன்று நாளில் என்ன குடிமுழுகிவிடும்?

ஆனால் அக்கா சனிக்கிழமை கிளம்புகிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். பையில் தன் பழைய பேடுகள், தோளுக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு. பயணப் பை சரியாகக் கட்டியிருக்கிறாயா பார்க்க வந்தேன் என்றார். அக்கா சந்தோஷப்பட்டு டீ போடப் போனாள். அத்தான் தொலைக்காட்சியில் மூழ்கியிருந்தார். ஜாக்கெட் மாடிப்படியின் கைப்பிடியில் தொங்கியது. எக்ஸ்ரே அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் நுழைந்து, நாலு ஜிப்பையும் திறந்து, ஸ்பாஞ்சை உருவி, தன் பேடுகளைத் திணித்து, மூடினார். இருபத்திரண்டு வருடம் எலும்பைப் படம் பிடித்த கை, திருடனின் கைபோல் வியர்த்தது. அத்தான் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஜாக்கெட்டில் என்ன என்று கேட்டார். தையல் பார்க்கிறேன் என்றார் எக்ஸ்ரே. ரயிலில் தையல் பிரச்சினையே கிடையாது என்றார் அத்தான்.

டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோது அவருக்கு மூச்சு சீராக வந்தது. பெரிய பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. மீதிப் பதினெட்டுப் பேரின் நினைவு தெருமுனை திரும்பும்போது வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று மறுபடியும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், திரும்பும் வழியில், ஒரு வளைவில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் அக்காவின் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் அதிகமில்லை. ஆனால் இடது தோள்தான் முதலில் தரையில் மோதியது. மோதிய பிறகு நாலைந்து அடி தூரம் தரையில் உராய்ந்துகொண்டும் போனது. மற்ற மூன்று பெண்களும் அவளைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒருவழியாக வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். சாயங்காலம் சேதி கேட்டு எக்ஸ்ரே ஓடினார். அக்கா கையை அசைத்துக் காட்டினாள், வலிக்கிறது, அவ்வளவுதான் என்றாள். அன்றைக்குக் குழுவில் எழுதுகிற நினைப்பே அவருக்கு இல்லை. நினைப்பு இருந்தது, மனது வரவில்லை என்று சொன்னால்தான் சரி.

திங்கட்கிழமை காலை அவருடைய மேசையிலேயே அவளைப் படுக்கவைத்துப் படம் எடுத்தார். அசையாதே, மூச்சைப் பிடி என்று எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். திரையில் காறை எலும்பு வந்தது. முழுசாக, கீறலின்றி. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு அழகான எலும்பை அவர் பார்த்ததே இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டு, தசையில் அடி, ஐஸ் வையுங்கள், பத்து நாள் பாரம் தூக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

அக்கா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். தோளில் கிழிந்துபோன ஜாக்கெட்டைப் படம் பிடித்தாள், பக்கத்திலேயே தன் எக்ஸ்ரே படத்தையும் வைத்தாள், குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: என் தம்பி பேச்சைக் கேட்டு வாங்கிய ஜாக்கெட், தோள் தப்பித்தது, எல்லோரும் வாங்குங்கள்.

எக்ஸ்ரே இதை அடுத்த நோயாளியின் முழங்காலுக்கும் அதற்கடுத்தவரின் மார்புக்கும் நடுவே பார்த்தார். அதற்குள் கைதட்டல் படங்கள் திரை முழுக்க நிரம்பிவிட்டன. எக்ஸ்ரே வாக்கு தப்பாது என்று ஒருவர். இன்றைக்கே வாங்குகிறேன் என்று ஐந்து பேர். மனைவிக்கும் சேர்த்து இரண்டு என்று இன்னொருவர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாவது ஆள் வந்துவிட்டார். அவர் மாற்றிவைத்த பேட் அவருடைய பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

வெளியே போய் அக்காவை உள்ளே வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கைப் போட்டார். அது எரிந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பிறகு முழுவதையும் சொன்னார், மனைவி துவைக்கச் சொன்னதிலிருந்து மாடிப்படிக் கைப்பிடி வரை. அக்கா மடியிலிருந்த ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்து, பேடை எடுத்து, கையில் கனம் பார்த்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தியே, பை பாக்கணும்னு."

"அதுக்குத்தான் வந்தேன்."

அக்கா பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தபால் பிரிக்கிறவள், எதையும் எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரிந்தபிறகுதான் கீழே வைப்பாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான், வந்து மாத்திட்டுப் போயிட்டான். மத்தவங்க வீட்டுக்கெல்லாம் யார்டா போவா?"

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, எழுது என்றாள்.

இந்த முறை வார்த்தை தேடவேண்டியிருக்கவில்லை. தான் அடித்துப் பார்த்த பேட் அந்த ஜாக்கெட்டுடையது அல்ல, துவைத்தபோது மாறிப்போன தன் பழைய பேட் என்று எழுதினார். அந்த ஜாக்கெட்டோடு வருவது வெறும் ஸ்பாஞ்ச் என்று எழுதினார். அக்காவின் தோளைக் காப்பாற்றியது வெள்ளிக்கிழமை தான் மாற்றிவைத்த பேட்தான் என்று எழுதினார். வாங்கியவர்கள் நல்ல பேட் வாங்கி மாற்றும்வரை அதைப் போட்டுக்கொண்டு ஓட்டவேண்டாம், வாங்க இருப்பவர்கள் வாங்கவேண்டாம் என்று முடித்தார். அக்காவிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"வியாழக்கிழமையே தெரியும்னு எழுதலையே."

அவர் அதையும் எழுதினார். அந்த ஒரு வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அனுப்பினார். சிவப்பு விளக்கை அணைத்தார். வெளியே நோயாளிகள் வரிசையில் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். அக்கா ஐஸ் பையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், ஆட்டோவில்.

குழுவில் பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. முதலில் ஒருவர், எக்ஸ்ரேவுக்கே எக்ஸ்ரே எடுத்தாச்சு என்று போட்டார். அதற்கு ஏகப்பட்ட சிரிப்பு. மனைவி பேச்சைக் கேட்டுத் துவைத்தால் இதுதான் கதி என்றார் இன்னொருவர். ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும், அண்ணன் அண்ணன்தான் என்று சிலர். இரண்டு பேர் கொஞ்சம் சூடாக, வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்றார்கள். சொல்லியிருக்கலாம், தப்பு என்னுடையது என்று பதில் போட்டார். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் வீட்டுப் பேடை விரலால் நசுக்கிப் படம் எடுத்துப் போட்டார். எக்ஸ்ரே மனதுக்குள் ஒவ்வொருவராக டிக் அடித்துக்கொண்டே மார்பும் முதுகும் எடுத்துத் தள்ளினார். இவ்வளவுதானா, இதற்காகவா நாலு நாள் தவித்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பதினொன்றரை மணிக்கு லிஃப்ட்காரர் எழுதினார். குழுவில் அவருடைய முதல் வாக்கியம் அதுதான்.

"அந்த ஜாக்கெட் எனக்கில்ல சார், என் பொண்ணுக்கு."

பிறகு அடுத்தடுத்து மூன்று வந்தன. பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. பைக்கிலேயே போகிறேன் என்று காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டாள், தனியாக, முந்நூற்றெண்பது கிலோமீட்டர். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கைபேசியை அணைத்துப் பைக்குள் போடவேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அவள் அப்படித்தான்.

எக்ஸ்ரே உடனே அவரைக் கூப்பிட்டார். லிஃப்ட்காரர் எடுத்தார். பின்னால் இயந்திரச் சத்தம். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார் போலும். வழியில் எங்கே நிற்பாள், எந்தப் பங்கில் பெட்ரோல் போடுவாள் என்று எக்ஸ்ரே கேட்டார். தெரியாது என்றார் லிஃப்ட்காரர். நான் இப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போகட்டுமா என்றார் எக்ஸ்ரே. நாலு மணி நேரம் முன்னால் போனவளை எப்படிப் பிடிப்பீர்கள் என்று லிஃப்ட்காரர் கேட்டார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வேலை இருக்கிறது சார் என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்த படங்களெல்லாம் சரியாகத்தான் வந்தன. கை பழகிய வேலை, கை செய்துகொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு ஒரு கிழவரின் இடுப்பு. ஒரு மணிக்கு ஒரு மணிக்கட்டு. மழை பெய்ய ஆரம்பித்தது. நடையின் கடைசி ஜன்னலில் நீர் வழிந்தது. அந்தப் பெண் போகிற பாதையிலும் பெய்யுமா என்று கைபேசியில் பார்த்தார், பெய்யும் என்றிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினார். அவளுடைய முகம் அவருக்குத் தெரியாது. பார்த்ததே இல்லை. தெரிந்ததெல்லாம் ஒரு ஜோடித் தோள்கள், அவற்றின்மேல் இரண்டு துண்டு ஸ்பாஞ்ச்.

இரண்டேகாலுக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பெண், வண்டியிலிருந்து விழுந்தவர், இடது தோள். அவள் இந்நேரம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பாள், இங்கே கொண்டுவர வழியே இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சீட்டில் வயதைத் தேடினார். சக்கர நாற்காலியில் வந்தது காய்கறிப் பையோடு ஸ்கூட்டரிலிருந்து சரிந்த ஒரு நடுவயதுக்காரி. படம் எடுத்தார். எலும்பு முறிந்திருந்தது, வழக்கமான இடத்தில். அந்த அம்மாள் திரையைப் பார்த்து, சரியாகிவிடுமா என்று கேட்டாள். ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கு அவருக்கு அது லேசாக வரவில்லை.

அக்கா இரண்டு முறை கூப்பிட்டு, ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றார்.

மூன்றரைக்கு அவருடைய முறை முடிந்தது. அடுத்து வந்தவரிடம் சாவியைக் கொடுத்தார், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நடையில் நோயாளிகளுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் இருந்தவர் நீங்கள் எத்தனாவது எண் என்று கேட்டார். எண் இல்லை என்றார்.

நாலு இருபதுக்குக் குழுவில் லிஃப்ட்காரரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"சேர்ந்துட்டா."

எக்ஸ்ரேவுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழுவில் அதற்குள் கும்பிடும் கைகள், பூங்கொத்து, நல்லது நல்லது என்று வரிசையாக வந்து விழுந்தன. நன்றி என்று எழுதுவதா, மன்னியுங்கள் என்று எழுதுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மன்னியுங்கள் என்று எழுதினார். அதை அனுப்பக் கட்டைவிரலை வைக்கும்போது திரையின் நடுவே சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்துகள் தோன்றின. லிஃப்ட்காரர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

அதற்குக் கீழே யாரோ ஒருவர், மழைக்கு எந்தக் கையுறை நல்லது, எக்ஸ்ரே அண்ணன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன் என்று கேட்டிருந்தார்.